சாக்பீஸ் பிடித்த கைக்கு டாக்டர் பட்டம்

பல வருடம் பாடம் நடத்தியவர்கள் ஆராய்ச்சி மாணவர்களாகத் திரும்ப இப்போது விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அவர்கள் வகுப்பறையிலிருந்து கொண்டுவரும் கேள்விக்கு இடம் இருக்கிறதா?

ஐந்தாம் வகுப்பு வரை ஒழுங்காகக் கூட்டல் போட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பில் பின்னத்தைப் பார்த்ததும் ஏன் மிரள்கிறது? வீட்டில் கோண்டி பேசும் குழந்தை இந்திப் பாடத்தைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கிறது. வாசித்ததற்கு அர்த்தம் கேட்டால் ஏன் விழிக்கிறது? எட்டாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒன்பதாம் வகுப்புக்கு ஏன் வரவில்லை?

கல்வியியல் பேராசிரியர்களுக்குத் தோன்றும் முன்பே பள்ளி ஆசிரியர்களுக்குத் தோன்றிவிடும் கேள்விகள் இவை. 15, 20 வருடம் வகுப்பறையில் நின்றவரிடம் இப்படி ஒரு டஜனாவது இருக்கும். அரைகுறையாகச் சில பதில்களும் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து முறையாக ஆராய வேண்டும், முடிந்தால் டாக்டர் பட்டமும் வாங்க வேண்டும் என்று நாற்பதைத் தாண்டிய ஓர் ஆசிரியையோ தலைமையாசிரியரோ நினைப்பதில் வியப்பில்லை. மருத்துவர் தன் நோயாளிகளைப் பற்றி ஆராயலாம் என்றால் ஆசிரியர் ஏன் தன் பள்ளியைப் பற்றி ஆராயக் கூடாது?

ஆராயலாம்தான். ஆனால் இந்தியாவில் அது அத்தனை சுலபமல்ல. 2024-25 கணக்கெடுப்பில் நாட்டின் பள்ளி ஆசிரியர்கள் எண்ணிக்கை முதல் தடவையாக 1 கோடியைத் தாண்டியது. இன்னொரு பக்கம், பி.எச்டி. மாணவர்கள் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாப் பாடங்களிலும் சேர்த்து 2014-15ல் 1.17 லட்சம் பேர்; 2021-22ல் 2.13 லட்சம் பேர். ஆசிரியர் உலகமும் ஆராய்ச்சி உலகமும் இப்படித் தனித்தனியே வளர்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி குறுகலானது. போனவர் திரும்பி வரும் வழி அதைவிடக் குறுகல்.

விதி தந்த வாய்ப்பு

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பி.எச்டி. விதிமுறைகள் பகுதி நேர ஆராய்ச்சிக்குத் தெளிவாக இடம் தருகின்றன. வேலையில் இருப்பவர் தன் நிர்வாகத்திடமிருந்து ஆட்சேபனை இல்லை என்ற சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, அலுவல் போக ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

முதல் வாசகத்தில் கையெழுத்திடுவது எந்த நிர்வாகத்துக்கும் கஷ்டமில்லை. சிக்கல் மற்ற இரண்டிலும்தான். கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்று பார்த்தால் 180 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். தவிர, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மொத்தத்தில் குறைந்தது 3 வருடம். அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் மேலும் 2 வருடம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 வருடச் சலுகை உண்டு. பேறுகாலத்துக்கும் குழந்தை பராமரிப்புக்கும் பெண்கள் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம்.

இதெல்லாம் தாளில் தாராளம்தான். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியரின் நேரம் அவர் கையில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளுக்கு அவரை அனுப்பலாம் என்று 2009ன் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஓராசிரியர் பள்ளிகள் மட்டும் 2024-25ல் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன. அந்த ஒரே ஆசிரியர் கோர்ஸ் ஒர்க்குக்குப் போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

பணம் இன்னொரு தடை. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு கொடுத்தாலும் 35 தான். அனுபவம் என்று சொல்லும்படி ஒன்று சேரும் வயதில் உதவித்தொகை நின்றுவிடுகிறது.

நுழைவிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பி.எச்டி. சேர்க்கைக்கு நெட் தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று மானியக் குழு 2024 மார்ச்சில் அறிவித்தது. உதவித்தொகைக்குத் தேறாமல் பி.எச்டி.க்கு மட்டும் தகுதி பெறுபவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம். நேற்று எம்.எட். முடித்த இளைஞரும், இருபது வருடம் பாடம் நடத்தியவரும் ஒரே கொள்குறி வினாத்தாளை எதிர்கொள்கிறார்கள். அனுபவம் பேசத் தொடங்குவது அந்த 30 சதவீதத்தில்தான்.

ஹார்வர்டில் பிறந்தது

வேலையில் இருக்கும் கல்வியாளருக்கென்று தனியாக ஒரு டாக்டர் பட்டம் இருக்கக் கூடாதா என்ற யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920ல் தொடங்கிய ஹார்வர்ட் கல்விப் பள்ளிதான் எட்.டி. என்ற பட்டத்தைக் கொண்டுவந்தது. பி.எச்டி. அறிஞருக்கு, எட்.டி. பள்ளியை நடத்துபவருக்கு என்பது அதன் தர்க்கம். அமெரிக்கா முழுவதும் அது பரவியது. ஆஸ்திரேலியாவில் 1990ல் மெல்போர்ன் பல்கலைக்கழகமும், பிரிட்டனில் 1992ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் இதே வழிக்கு வந்தன.

பட்டத்துக்கு வயதான அளவுக்கு மரியாதை வளரவில்லை. நாளடைவில் பல இடங்களில் எட்.டி., பி.எச்டி.யின் நீர்த்த வடிவம் போலானது. அதே ஐந்து அத்தியாய ஆய்வேடு. கொஞ்சம் எளிய புள்ளிவிவரம். 2005ல் ஆர்தர் லெவின் ஒரு அறிக்கையில், பள்ளி நிர்வாகிகளுக்கு இந்தப் பட்டமே தேவையில்லை, ஒழித்துவிடலாம் என்று சொன்னார். அப்போது அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் தலைவர். கல்வியியலில் அதைவிடப் பெரிய நாற்காலி அமெரிக்காவில் குறைவு.

எட்.டி.யை ஒழிக்கவில்லை, திருத்தத் தொடங்கினார்கள். 2007ல் கார்னகி பெயரில் ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. இன்று அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அதன் மையக் கருத்து எளிமையானது. மாணவர் தன் பணியிடத்தில் தினமும் மோதும் ஒரு பிரச்சினையோடு வர வேண்டும். ஆராய்ச்சியின் முடிவில் அந்தப் பிரச்சினையில் ஏதாவது ஒரு அசைவு தெரிய வேண்டும். தனியாக நூலகத்தில் உட்காருவதற்குப் பதில், இருபது முப்பது தலைமையாசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் ஒரே குழுவாகச் சேர்ந்து வார இறுதிகளிலும் கோடை விடுமுறையிலும் படிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பட்டத்தைப் பெற்ற ஹார்வர்டே அதைக் கைவிட்டுவிட்டது. 2010ல் கல்வித் தலைமைக்கென்று மூன்று வருடப் புதிய டாக்டர் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் மூன்றாவது வருடம் முழுக்க ஏதாவதொரு கல்வி அமைப்பில் வேலை. ஆராய்ச்சிப் பாதையில் போகிறவர்களுக்கு 2014 முதல் எட்.டி.க்குப் பதில் பி.எச்டி. ஒரே பட்டத்தில் கலந்திருந்த இரண்டு நோக்கங்களை இரண்டாகப் பிரித்ததுதான் அந்த மாற்றத்தின் சாரம்.

இந்தியாவில் அந்தப் பிரிவினை இன்னும் நடக்கவில்லை. கல்வியியலில் இந்தியாவின் முதல் டாக்டர் பட்டத்தைப் பம்பாய் பல்கலைக்கழகம் 1943ல் வழங்கியது. அன்று முதல் இன்று வரை, பேராசிரியராக விரும்பும் 24 வயது இளைஞருக்கும் பள்ளி நடத்தும் 48 வயதுத் தலைமையாசிரியைக்கும் அதே பி.எச்டி.தான் பொது வழி. இடையில் படிக்கட்டாக இருந்த எம்.ஃபில். பட்டமும் 2022 விதிமுறைகளோடு போய்விட்டது.

கேள்வி தேய்ந்த கதை

அனுபவசாலி ஆய்வாளருக்கு நேரும் பெரிய இழப்பு வருடங்கள் அல்ல. அவர் கொண்டுவந்த கேள்வி. அது எப்படித் தொலைகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஓர் ஆசிரியை, தன் பள்ளியில் பெண்கள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவது ஏன் என்ற கேள்வியுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளி போதாது, மாதிரி சிறியது என்று முதலில் சொல்கிறார்கள். பள்ளிகள் இருபதாகின்றன. இடைநின்ற பெண்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். படித்துக்கொண்டிருக்கும் பெண்களிடமே கேட்கலாம் என்கிறார்கள். ஏன் நின்றார்கள் என்பது மாறி, படிப்பில் எவ்வளவு ஆர்வம் என்பதாகிறது. ஆர்வத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். எங்கேயோ யாரோ ஆங்கிலத்தில் தயாரித்த வினாப்பட்டியல் மொழிபெயர்க்கப்படுகிறது. ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். நானூறு பேர் டிக் அடிக்கிறார்கள். நகர்ப்புறம், கிராமப்புறம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்து வித்தியாசம் இருக்கிறதா என்று கணக்குப் போடுகிறார்கள். இருக்கிறது, அல்லது இல்லை. ஆய்வேடு முடிந்தது. பட்டமும் வந்தது. அந்தப் பெண்கள் ஏன் நின்றார்கள்?

பல்கலைக்கழகங்கள் மின்வடிவில் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ‘சோத்கங்கா’ தளத்தில் கல்வியியல் பகுதியைப் புரட்டினால் இந்த அச்சில் வார்த்த தலைப்புகளை ஏராளமாகப் பார்க்கலாம். மாவட்டத்தின் பெயர் மாறும், அளவுகோலின் பெயர் மாறும். அச்சு மாறாது.

இதற்கு வழிகாட்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணிக்கை சார்ந்த ஆய்வுக்கு விதி தெளிவு. தேர்வாளருக்கு மதிப்பிடச் சுலபம். சொந்தப் பள்ளியை ஆராய்வதில் நிஜமான சங்கடங்களும் இருக்கின்றன. தலைமையாசிரியையே ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தால், அவர் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியர் மனதில் இருப்பதைச் சொல்வாரா? மதிப்பெண் போடுகிற டீச்சர் கேட்கும்போது மாணவி முடியாது என்று சொல்ல முடியுமா? தெரிந்த பள்ளி என்பதாலேயே கண்ணில் படாமல் போகும் விஷயங்கள் எத்தனை?

தொழில்முறை டாக்டர் பட்டம் நன்றாக நடக்கும் இடங்களில் இந்தச் சங்கடங்கள்தான் பாடமே. ஒப்புதல் வாங்குவது எப்படி, தன் அதிகாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது எப்படி, தன் முன்முடிவுகளை வெளிப்படையாக எழுதிவைப்பது எப்படி, வேறு பள்ளியைச் சேர்ந்த சக மாணவரை வைத்துத் தன் பதிவுகளைச் சரிபார்ப்பது எப்படி என்று கற்றுத்தருகிறார்கள். இங்கே அந்தச் சங்கடங்களைத் தவிர்க்கக் கேள்வியையே மாற்றிவிடுகிறோம்.

மொழியும் சேர்ந்து கேள்வியை மெலியவைக்கிறது. இருபது வருடம் தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ பாடம் நடத்தியவர், தான் கண்டதை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது, கண்டதில் பாதி வெளியே நின்றுவிடுகிறது. குழந்தை சொன்ன வாக்கியம் அதன் மொழியில் உயிரோடு இருந்தது. ஆய்வேட்டில் அது ஒரு சதவீதமாகிறது.

ஹோஷங்காபாத் பாடம்

ஆசிரியரின் அனுபவத்தை அறிவாக மாற்றும் வழி இந்தியாவுக்குத் தெரியாததல்ல. குஜராத்தின் பாவ்நகரில் 1920ல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா வக்கீலாக இருந்தவர். நாலாம் வகுப்பை ஒரு வருடம் கையில் எடுத்துக்கொண்டு பரிசோதனை செய்யும் ஆசிரியரின் கதையாக அவர் எழுதிய ‘திவாஸ்வப்ன’, தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆசிரியர்கள் கைக்கு வந்திருக்கிறது. டாக்டர் பட்டம் இல்லாதவர் எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்துக்குக் கிடைத்த வாசகர்கள் எந்த ஆய்வேட்டுக்கும் கிடைத்ததில்லை.

அதைவிடப் பெரிய உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம். இப்போது அதன் பெயர் நர்மதாபுரம். 1972ல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானப் பாடத்தைப் பரிசோதனைகள் வழியாகக் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் தொடங்கிய அந்தத் திட்டத்தில் டில்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகளும், பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் பங்கெடுத்தார்கள். 1978ல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982லிருந்து ‘ஏகலவ்யா’ அமைப்பு பொறுப்பேற்றது.

அங்கே நடந்த முக்கியமான விஷயம், கிராமப் பள்ளி ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டம். எந்தப் பரிசோதனை வகுப்பில் எடுபட்டது, எது சொதப்பியது, பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று அவர்கள் பேசினார்கள். அதைக் கொண்டு பாடப் புத்தகம் திருத்தி எழுதப்பட்டது. விஞ்ஞானியும் ஆசிரியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். 2002ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது வருடம் நடந்த அந்த வேலை ஆராய்ச்சி அல்ல என்று யார் சொல்ல முடியும்? பங்கெடுத்த ஆசிரியர்களுக்கு அதற்காகப் பட்டம் தரும் பல்கலைக்கழகம்தான் இருக்கவில்லை.

பம்பாயின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2006ல் வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து தொடக்கக் கல்வியில் எம்.ஏ. ஆரம்பித்தபோது ஏகலவ்யா போன்ற அமைப்புகளைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டது. சில வாரங்கள் நேரில் படிப்பு, மற்ற மாதங்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே படிப்பு என்று அமைத்தது. எம்.ஏ. அளவில் முடிந்தது டாக்டர் பட்ட அளவில் முடியாததல்ல.

வெளியேறும் ஏணி

சரி, கஷ்டப்பட்டுப் பட்டம் வாங்கியாயிற்று. பிறகு?

பள்ளிக்கூடத்தில் அதற்கென்று நாற்காலி எதுவும் காத்திருப்பதில்லை. மத்திய அரசு ஊழியர்கள் பணிக்காலத்தில் தங்கள் வேலையோடு நேரடித் தொடர்புள்ள பி.எச்டி. வாங்கினால் ஒரே முறை 30,000 ரூபாய் என்று 2019ல் நிர்ணயமானது. தமிழ்நாட்டில் உயர்கல்வித் தகுதிக்காக ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தரப்பட்டுவந்த ஊக்க ஊதிய உயர்வை மாநில அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்தது. ஆறு வருட உழைப்பின் பண மதிப்பு இவ்வளவுதான்.

பட்டத்துக்கு மதிப்பு இருக்கும் இடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பி.எட். கல்லூரி முதல்வராக டாக்டர் பட்டம் கட்டாயம் என்கின்றன தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிமுறைகள். கூடவே 8 வருட அனுபவமும் வேண்டும். ஆனால் எந்த அனுபவம்? ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பாடம் நடத்திய அனுபவம். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் நின்றது அந்தக் கணக்கில் சேராது. ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில், ஆசிரியராக இருந்த வருடங்களுக்கு மதிப்பெண் பூஜ்யம்.

எனவே பட்டம் ஓர் ஏணியாகிறது. வகுப்பறையிலிருந்து வெளியே போகும் ஏணி. போகாதவருக்குப் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்ற அடைமொழியும், பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் ஒரு கூடுதல் மரியாதையும் மிச்சம். அவர் கண்டுபிடித்ததை அவருடைய பள்ளியோ மாவட்டக் கல்வி அலுவலகமோ கேட்டு வாங்கிப் படிக்க எந்த ஏற்பாடும் இல்லை.

குறுக்கு வழிகள்

தேவை இருந்து நேர்வழி கடினமாக இருந்தால் குறுக்கு வழி முளைக்கும். வேலையை விடாமல் வீட்டிலிருந்தே டாக்டர் பட்டம் என்ற விளம்பரங்கள் நடுத்தர வயது ஆசிரியர்களைத்தான் குறிவைக்கின்றன. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பி.எச்டி. நடத்தக் கூடாது என்று 2022 விதிமுறைகள் திட்டவட்டமாகத் தடுக்கின்றன. கல்வித் தொழில்நுட்பக் கம்பெனிகள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து தரும் ஆன்லைன் பி.எச்டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழுவும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை என்று ராஜஸ்தானின் மூன்று பல்கலைக்கழகங்கள் அடுத்த ஐந்து வருடம் பி.எச்டி. மாணவர்களைச் சேர்க்க 2025 ஜனவரியில் தடை விதிக்கப்பட்டது.

எனவே பணம் கட்டும் முன் சில விஷயங்களைச் சரிபார்ப்பது நல்லது. பல்கலைக்கழகம் மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா? வழிகாட்டி அந்தப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆசிரியரா? அவரிடம் ஏற்கனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? பேராசிரியர் என்றால் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்பது உச்சவரம்பு. அவருடைய ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புது மாணவரைச் சேர்க்க முடியாது. இதனால் அனுபவசாலி ஆசிரியருக்கு அவரைவிடப் பத்து வயது இளையவர் வழிகாட்டியாக அமைவது சகஜம். அதில் இருவருக்கும் கொஞ்சம் பக்குவம் தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சொந்தப் பள்ளியின் பிரச்சினையை, அதன் வடிவம் கெடாமல் ஆராய அவர் சம்மதிப்பாரா? இல்லை என்றால் வேறு வழிகாட்டியைத் தேடுவது மேல். ஆறு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இது சிக்கனம்.

பெரிய மாற்றங்களுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பகுதி நேர பி.எச்டி.க்கு ஏற்கனவே இடம் இருக்கிறது. கோர்ஸ் ஒர்க்கைக் கோடை விடுமுறையில் வைப்பது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. பள்ளியிலேயே ஆராய்ச்சி செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குவது கல்வித் துறையின் கையில். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி வேண்டும் என்கிறது 2020ன் தேசியக் கல்விக் கொள்கை. சக ஆசிரியர் ஒருவர் கண்டறிந்ததை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பதற்கு அதில் பத்து மணி நேரம் ஒதுக்கினாலே, ஆய்வேடுகளுக்கு அலமாரியைத் தவிர வேறு போக்கிடம் கிடைக்கும். பி.எட். கல்லூரி நியமனங்களில் பள்ளி அனுபவத்தைக் கணக்கில் சேர்ப்பது விதிமுறையில் ஒரு வரித் திருத்தம்.

இந்தியாவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை பட்டங்களை விலைக்கு விற்பவை என்பதையும் நீதிபதி வர்மா கமிஷனின் 2012 அறிக்கையை மேற்கோள் காட்டி அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொள்கிறது. வகுப்பறையை உள்ளும் புறமும் அறிந்த, அதை ஆராயவும் தெரிந்த ஆயிரம் பேர் அந்தக் கல்லூரிகளுக்குள் நுழைந்தால் நிலைமை கொஞ்சமாவது மாறும். இன்னொரு ஆயிரம் பேர் பள்ளிகளிலேயே தங்கினால் இன்னும் மாறும்.

அதுவரை, எட்டாம் வகுப்போடு நின்ற அந்தப் பெண்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்களுடைய டீச்சர்தான். அவரிடம் முறையாகக் கேட்டுப் பதிவு செய்ய ஒரு பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.